பக்கத்துக்கு வெளியே

சிடியின் மேல் பச்சை மார்க்கரில் 'பைனல் - லாஸ்ட் கரெக்‌ஷன்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையதுதான். 2002-இல் வந்த ஒரு கட்டுரை நூல். டெமி 1/8, 208 பக்கம், 13 பாரம். எழுதியவருக்கு இப்போது எண்பது வயது. மறுபதிப்புக் கொண்டுவரலாம் என்று நானாகத்தான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "பழைய பைல் இருக்குங்கய்யா, நாலு நாள்ல முடிச்சிடலாம்" என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தேன்.

கோப்பு திறக்கவில்லை.

இப்போது நான் வேலை செய்யும் வடிவமைப்பு மென்பொருள் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டியது. இந்த வடிவத்தை நான் அறியாமல் இருக்கலாம், இதற்கான துணைநிரல் இல்லாமல் இருக்கலாம், கோப்பு வேறெங்காவது திறந்திருக்கலாம் என்றது. மூன்று 'லாம்'. மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது என்று உட்கார்ந்தேன். சிடியிலிருந்து கணினிக்கு நகலெடுத்தேன். கோப்பின் அளவைப் பார்த்தேன். சுழியம் என்று காட்டினால் அத்தோடு முடிந்தது. இதில் நான்கு எம்பிக்கு மேல் இருந்தது, உள்ளே ஏதோ இருக்கிறது. நீளமான பெயரைச் சுருக்கினேன். 'வாசிக்க மட்டும்' என்ற அடையாளத்தை எடுத்துவிட்டேன். பெயரின் கடைசியில் பி65 என்று இருந்தது. பழைய வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் 6.5 பதிப்பு போடும் முத்திரை அது. 7.0 ஆக இருந்தால் பிஎம்டி என்று முடிந்திருக்கும்.

பேஜ்மேக்கரின் வரலாறு நீளமில்லை. 1985-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆல்டஸ் நிறுவனம் அதை வெளியிட்டது. வெனிஸ் நகரில் புத்தகம் அச்சிட்டு 1515-இல் மறைந்த ஆல்டஸ் மனூட்டியஸின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்ட நிறுவனம். 1994-இல் அது அடோபியோடு சேர்ந்தது. 2001-இல் வந்த 7.0 கடைசிப் பதிப்பு. 2004-இல் மேற்கொண்டு வளர்ப்பதை நிறுத்தினார்கள். 1999-இலேயே வந்திருந்த இன்டிசைன் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அதிலும் சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க வழி இருந்தது, அதற்குப் பிறகு வந்தவற்றில் இல்லை. ஆனால் நான் பார்த்த டிடிபி அறைகளில் 2010 தாண்டியும் பேஜ்மேக்கர்தான் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்ப் புத்தகங்களில் ஒரு முழுத் தலைமுறை அதற்குள்தான் கோக்கப்பட்டது.

"புத்தகம் கையில இருக்குல்ல, ஸ்கேன் பண்ணி ஓசிஆர் போட்டா ஒரு நாள்ல டெக்ஸ்ட் வந்துடும்" என்றார்கள் நண்பர்கள். சரியான யோசனைதான், தமிழுக்கு இன்று அது நன்றாகவே வேலை செய்கிறது. எனக்குத்தான் மனம் வரவில்லை. அந்தக் கோப்பு உருவான இரண்டு மாதமும் நான் திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில், பிளாஸ்டிக் ஸ்டூலில், ஆபரேட்டரின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். புரூப்பில் நான் சிவப்பு மையில் போட்டதையெல்லாம் அந்தப் பெண் திரையில் திருத்துவார். ஒரு பத்தியின் கடைசி வரி தனியாக அடுத்த பக்கத்துக்குத் தாவினால், "இந்த வரியை மேல இழுத்துடலாமா சார்?" என்று கேட்டுவிட்டு, இரண்டு வரிகளில் எழுத்துக்கு நடுவே உள்ள இடைவெளியை மயிரிழை குறைப்பார். வரி மேலே ஏறிவிடும். படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, எனக்கே அடுத்த நாள் எந்த வரி என்று தெரியாது. புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் 'ஒளியச்சு' என்று போட்டு அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டோம். அவர் பெயரைப் போடவில்லை. அப்போதெல்லாம் போடும் வழக்கமில்லை, இன்றும் அநேகமாக இல்லை. அவர் கை பட்ட இடமெல்லாம் இந்தக் கோப்புக்குள் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஓசிஆருக்கு அது தெரியாது.

ஈய எழுத்துக் காலத்தில் சின்ன அச்சகங்களில் மறுபதிப்பு என்றால் மறுபடி முதலிலிருந்து கோப்பதுதான். பாரம் அச்சானதும் முடிச்சை அவிழ்த்து, எழுத்துகளைப் பிரித்து, அதனதன் கேஸில் திரும்பப் போட்டுவிடுவார்கள். அடுத்த பாரத்துக்கு அதே எழுத்துகள் வேண்டும். அப்படியே கட்டி வைக்க யாரிடமும் அத்தனை ஈயம் கிடையாது. ஆகவே திறப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. மிஞ்சுவது காகிதம் மட்டும். கணினி வந்தபோது எங்களுக்கெல்லாம் பெரிய ஆறுதலாக இருந்தது அதுதான். ஒரு தடவை அடித்தால் போதும், எத்தனை பதிப்பு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள், நம்பினோம். அந்த நம்பிக்கையில்தான் பிரதியைக்கூடப் பத்திரப்படுத்தாமல் விட்டோம். இந்த நூலின் கையெழுத்துப் பிரதி இன்று ஆசிரியரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. சிடி இருக்கிறதே என்று இருந்துவிட்டோம்.

முதலில் வழிவிட்டது லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருள். கைவிடப்பட்ட வடிவங்களில் சிக்கிய கோப்புகளை மீட்கவென்றே 2014-இல் 'டாக்குமென்ட் லிபரேஷன்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஒரு கோப்பைப் பைட் பைட்டாகப் பிரித்து, எந்த எண் பக்க அகலம், எந்த எண் எழுத்தின் அளவு என்று ஊகித்து, சோதித்து, நிரலாக எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறவர்கள் அவர்கள். கல்வெட்டுப் படிக்கும் பொறுமை வேண்டிய வேலை. 2015-இல் வந்த லிப்ரே ஆபிஸ் 4.4 முதல் பேஜ்மேக்கர் கோப்பும் அதில் திறக்கிறது. முகம் தெரியாத அந்த மனிதர்களுக்கு என் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன்.

பக்கங்கள் வந்தன. படம் இருந்த இடங்கள் வெறும் கட்டங்கள். எழுத்து முழுக்க ஆங்கிலம். ஆங்கிலச் சொற்கள் என்று எதுவும் இல்லை. சிறிய எழுத்துகளுக்கு நடுவில் திடீர் திடீரென்று பெரிய எழுத்து, எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளி. இந்தக் காட்சி டிடிபி பக்கம் ஒதுங்கியவர்கள் எல்லோருக்கும் தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் பழைய தமிழ்க் கோப்பு இப்படித்தான் வந்து நிற்கும். தெரிந்திருந்தும் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. 208 பக்கத் தமிழ்ப் புத்தகத்தைச் சேமித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்திருந்தோம், அதற்குள் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

அந்தக் காலத்து எழுத்துருக்கள் அப்படி. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தார்கள். கணினி தன் கணக்கில் 'ஜே' என்று எழுதிக்கொள்ளும், திரையில் 'த' என்று வரையும். எந்த எண்ணில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளும் ஒரு விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. யுனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் தமிழக அரசு யுனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது 2010-இல். நடுவில் கடந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் அந்தந்தக் கடையின் எழுத்துருவில் கோக்கப்பட்டன. சில எழுத்துரு மென்பொருள்கள் கணினியின் பின்பக்கம் செருகும் பூட்டோடு வந்தன. பூட்டு தொலைந்தால் எழுத்தும் போயிற்று.

எது எந்த எழுத்துரு என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது புள்ளியை. தமிழில் மெய்யெழுத்து இல்லாமல் ஒரு வரி நகராது. ஆகவே எந்தக் குறி வரிக்கு வரி ஓயாமல் திரும்பி வருகிறதோ, அதுதான் அநேகமாகப் புள்ளி. இங்கே அது அரைப்புள்ளி. அரைப்புள்ளி என்றால் தட்டச்சுப் பலகையின் வரிசை. வலது கைச் சுண்டுவிரல்.

அப்போதுதான் நடந்தது. பள்ளி முடித்த கோடையில் எங்கள் ஊர்த் தட்டச்சு நிலையத்தில் தமிழ் லோயர் முடித்திருந்தேன். இடது கையின் நான்கு விரலுக்கு ய, ள, ன, க. வலது கையின் ஆள்காட்டி விரலுக்கு த, நடுவிரலுக்கு ம, மோதிர விரலுக்கு ட, சுண்டுவிரலுக்குப் புள்ளி. திரையில் ஈ, எச், டி, அரைப்புள்ளி என்று இருந்ததை வெறித்துக்கொண்டிருந்தேன். மேசையின் மேல் என் விரல்கள் தாமாக அசைந்தன. ஈ இருக்கும் இடத்தில் ந. எச்-இல் கால். டி-யில் ன. சுண்டுவிரல் இறங்கியது. 'நான்'. அடுத்த சொல். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. த, ம, மேல் விலங்கு, ழ, புள்ளி. 'தமிழ்'. பெரிய ஜி வந்தால் பு. ஆங்கிலக் காற்புள்ளி இருந்தால் அது இ. கண் படிக்க மறுத்ததை விரல் படித்தது. பாமினி எழுத்துருவின் வரிசை. ஈழத்தவர் நடுவிலும் புலம்பெயர்ந்தவர் நடுவிலும் மிகப் பரவலாக இருந்த எழுத்துரு, இலவசமாகவே கிடைத்தது, ஆகவே சென்னையிலும் புழங்கியது. முதல் கட்டுரையின் முதல் பத்தி முழுவதையும் அப்படியே மேசையைத் தட்டித் தட்டிப் படித்தேன். அந்தப் பத்தியைத் தட்டச்சு செய்த கையின் வழியாகவே திரும்பி நடந்துபோன மாதிரி இருந்தது. அவரும் தட்டச்சு நிலையத்தில் பழகியவர்தான்.

எழுத்துரு எதுவென்று தெரிந்தபின் யுனிகோடுக்கு மாற்றுவது நிரலின் வேலை. அதிலும் மனிதக் கை குறுக்கே வரும். பழைய எழுத்துருவில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். மாற்றி இதைச் சமாளித்துவிடுகிறது. சமாளிக்க முடியாதது ஆபரேட்டர்களின் பழக்கம். 'ர்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் காலை அடித்து அதன் தலையில் புள்ளி வைத்திருந்தார். ர் எழுதும்போது கீழ்க்கோட்டை விட்டுவிடும் பழைய வழக்கம் உண்டு, அச்சில் அது அழகாகவே இருக்கும். யுனிகோடுக்கு வந்ததும் 'அவர்' எல்லாம் 'அவா்' ஆகி நின்றது. காலும் புள்ளியும் தமிழில் சேர்ந்து வராது என்பதால் ஒரே கட்டளையில் மொத்தத்தையும் திருத்த முடிந்தது.

ஔகாரம் அப்படி இல்லை. கொம்பு, க, ள என்று அடித்து 'கெளரவம்' என்று வைத்திருந்தார். அச்சில் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அது கெ, ள என்று இரண்டு எழுத்து. சரி, எல்லா 'கெள'வையும் 'கௌ' ஆக்கிவிடலாம் என்றால், ஏரியைப் பற்றிய கட்டுரையில் கெளுத்தி மீன் நீந்திக்கொண்டிருக்கிறது. வெளவால் வௌவாலாக வேண்டும், வெள்ளம் வெள்ளமாகவே இருக்க வேண்டும். இதற்குக் கட்டளை கிடையாது. ஒவ்வொன்றாக நின்று பார்த்துத்தான் போக வேண்டும். மூன்று இரவு அதற்குப் போயிற்று. அந்த நாட்களில் எங்களுக்குத் தாளில் சரியாக விழுந்தால் போதும். பின்னாளில் ஒரு இயந்திரம் இந்த எழுத்தை எழுத்தாகப் படிக்கப்போகிறது என்று யார் நினைத்தோம்?

உரை கிடைத்துவிட்டது, அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தைப் பக்கமாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. ராயப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் நண்பரிடம் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கணினி ஒன்று மூலையில் துணி போர்த்தி இருந்தது. பழைய வாடிக்கையாளர்களின் பில் புத்தகங்கள் இன்னும் அதில்தான் இருக்கின்றன. பேஜ்மேக்கரைத் திறந்தவுடன் கோப்பைக் கொடுக்கப் போனேன்.

"இருங்கண்ணே. முதல்ல ஒரு பிரிண்டர் போட்டுடறேன்" என்றார். அந்தக் கணினியோடு அச்சுப்பொறி எதுவும் இணைந்திருக்கவில்லை. இருந்தாலும் ஒன்றின் டிரைவரை நிறுவினார். பிரிண்டர் பெயர் ஒன்றுகூட இல்லாத கணினியில் பேஜ்மேக்கர் தடுமாறும். எந்தத் தாளில் அச்சாகப் போகிறோம் என்று தெரியாமல் பக்கத்தைக் காட்ட அதற்கு வராது. காகிதத்துக்கென்றே பிறந்த மென்பொருள் அது.

கோப்பு திறந்தது. 97-ஆம் பக்கம் போனதும் திரை உறைந்து மென்பொருள் மூடிக்கொண்டது. மறுபடியும் திறந்தோம், மறுபடியும் 97. நண்பர் கொஞ்ச நேரம் கன்னத்தில் கை வைத்து யோசித்தார். பிறகு எதையும் தேர்வு செய்யாமல், கன்ட்ரோலையும் ஷிப்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, டைப் பட்டியலில் ஹைபனேஷன் என்ற கட்டளையைச் சொடுக்கினார். வார்த்தை உடைக்கும் கட்டளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கோப்பைத் தானே சோதித்துக்கொள்ளச் சொல்லும் மறைவான வழி அது. ஒரு பீப் வந்தால் கோளாறு இல்லை. இரண்டு வந்தால் கோளாறு இருந்தது, சரி செய்தாயிற்று. மூன்று வந்தால் இருக்கிறது, ஆனால் தன்னால் ஆகாது. இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஸ்பீக்கர் சொருகியிருக்கிறதா என்று நான் ஒருமுறை குனிந்து பார்த்தேன்.

இரண்டு பீப்.

"பொழச்சுக்கிச்சுண்ணே" என்றார். உடனே வேறு பெயரில் சேமித்தார். பேஜ்மேக்கரில் வெறும் 'சேவ்' கொடுத்துக்கொண்டே போனால் பழைய மிச்சங்களையும் சேர்த்துச் சுமந்து கோப்பு பெருத்துக்கொண்டே போகும். 'சேவ் அஸ்' கொடுத்தால் அதைக் கழித்துவிட்டுப் புதிதாக எழுதும். நான்கு எம்பி, இரண்டுக்கும் கீழே இறங்கியது.

97-ஐத் தாண்டினோம். பக்கங்கள் 2002-இல் இருந்த மாதிரியே இருந்தன. அவர் மேலே இழுத்த வரிகள் மேலேயே நின்றன. எழுத்து இடைவெளி குறைத்த இடங்களைச் சொடுக்கிப் பார்த்தேன். 31-ஆம் பக்கத்தில் இரண்டு வரி, 58-இல் ஒரு வரி, 83-இல் ஒரு பத்தி முழுக்க. இத்தனை வருஷமும் புத்தகமாகப் பலமுறை புரட்டியும் நான் கண்டுபிடிக்காத இடங்கள்.

பேஜ்மேக்கரில் பக்கத்தைச் சுற்றி ஒரு வெற்றிடம் உண்டு. பேஸ்ட்போர்டு என்பார்கள். வெட்டிய வரி, வைக்க இடம் கிடைக்காத படம், பிறகு பார்க்க வேண்டியது என்று எதையாவது அங்கே இழுத்துப் போட்டு வைப்பார்கள். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அது ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். அச்சில் வராது. கோப்பின் இடது ஓரத்தில், சின்ன எழுத்தில் ஒரு பெட்டி இருந்தது. பக்க எண்ணும் பக்கத்தில் ஒரு குறிப்புமாக ஒரு பட்டியல். '19 - ஒற்று - ஓகே.' '44 - படம் மாத்தணும் - ஓகே.' '71 - தலைப்பு போல்டு - ஓகே.' பதினான்கு வரி இருந்தது. மூன்றாம் புரூப்பில் நான் வாய்மொழியாகச் சொன்ன திருத்தங்கள். நான் சொல்லச் சொல்ல அவர் மறக்காமல் இருக்கக் குறித்துக்கொண்டவை. கடைசி வரியில் மட்டும் ஓகே இல்லை.

'112 - மதகா கலிங்கா - சார் கேட்டு சொல்றேன்னார்.'

எனக்கு நினைவு வந்தது. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரி ஒன்று நிரம்பி வழிந்த ஆண்டைப் பற்றிய கட்டுரை. அதில் வெள்ளம் மதகு வழியாக இறங்கி ஊருக்குள் வந்தது என்று ஒரு வரி. மதகு பாசனத்துக்குத் திறந்துவிடுவது. ஏரி நிறைந்தால் உபரி போவது கலிங்கு வழியாக. ஆசிரியர் ஏரிக்கரையில் வளர்ந்தவர், அவர் அப்படி எழுதியிருப்பாரா, அடிக்கும்போது மாறிவிட்டதா என்று எனக்கு அன்று சந்தேகம். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். கேட்கவில்லை. அடுத்த நாள் டிரேஸிங் எடுத்து, பிளேட் போட்டு, அச்சுக்குப் போய்விட்டது. அவர் தன் பங்குக்கு எழுதி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். புத்தகத்தை எடுத்து 112-ஆம் பக்கம் பார்த்தேன். மதகு என்றே இருந்தது. ஓசிஆர் போட்டிருந்தால் மதகு என்றே சரியாகப் படித்துக் கொடுத்திருக்கும்.

அங்கிருந்தே ஆசிரியருக்குப் போன் செய்தேன். காது சரியாகக் கேட்காது, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"கலிங்குதாங்கய்யா வரணும்? மதகுன்னு போட்டுட்டோம்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எங்க ஊர்ல கலிங்குன்னு சொல்ல மாட்டோம் தம்பி. கலங்கல்" என்றார். "கலங்கல் போவுதுன்னா ஊரே ஓடிப்போய்ப் பாக்கும். நான் கலங்கல்னுதான் எழுதியிருப்பேன். புஸ்தகம் வந்தப்பவே பாத்தேன். சரி, உங்களுக்கு அங்கெல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க போலன்னு விட்டுட்டேன்."

"மாத்திடறேங்கய்யா."

"மாத்திடு. அந்தப் பொண்ணு நல்லா இருக்காளா? ஒரு தடவ நான் வந்தப்ப டீ வாங்கிக் கொடுத்தா."

தெரியவில்லை என்றேன். அந்த மாடி அறை இருந்த கட்டடத்தில் இப்போது யாரும் டிடிபி செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து புதிய கோப்பில் 112-ஆம் பக்கத்தை எடுத்தேன். 'மதகு' இருந்த இடத்தில் 'கலங்கல்' என்று அடித்தேன். சொல் நீண்டதில் வரி நிரம்பி, பத்தியின் கடைசிச் சொல் தனியாக 113-க்குத் தாவியது. முதல் இரண்டு வரிகளைத் தேர்ந்தெடுத்து, எழுத்து இடைவெளியை ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்தேன். மூன்றாவது முறையில் வரி மேலே ஏறியது. பிறகு உரிமைப் பக்கத்துக்குப் போய், 'முதல் பதிப்பு ஒளியச்சு' என்று ஒரு வரி சேர்த்தேன். நிறுவனத்தின் பெயரை அடித்து, அதற்கு முன்னால் அவர் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். தலைப்பெழுத்து தெரியவில்லை. நண்பர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.